பிரெஞ்சு நாட்டுச் சுவரொட்டிச் சித்திரங்கள்

ஓவியக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயிற் சுவரையும் அரண்மனைக் கூடத்தையும் அரும்பொருட்சாலையையும் நாடிச் செல்வர். தெருச்சுவரை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. தெருச்சுவரில் ஒட்டப்படுவது விலைப்பொருளொன்றின் பெயரைக் கூவும் தாள். மழை பெய்தால் அது நனைந்து கிழியும். சில கிழமைகள் கழிந்தால் அதன்மேல் வேறொரு தாள் ஒட்டப்படும். இத்தகைய பொருளுக்கும் வரலாறு உண்டோ என வினவுவார்க்குப் பிரெஞ்சு நாட்டின் அனுபவம் தக்க விடையாக அமைகின்றது. அந்நாட்டிற் சுவரொட்டிச் சித்திரம் ஒரு நூற்றாண்டு காலமாகச் சிறந்த ஓவியர்களின் கைத்திறனைப் பெற்று வளர்ந்தது; மக்களின் வாழ்வோடும் அச்சத்தோடும் நம்பிக்கையோடும் பிணைந்து நின்றது.

இவ்வரலாற்றில் இரு காலப்பகுதிகள் பெரிதும் பேசப்படுவன. ஒன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்கூறு. மற்றையது 1920களும் 1930களும். இரண்டாம் உலகப் போரின் முடிவிலிருந்து 1968 வரையுள்ள மூன்றாவது காலப்பகுதி இவ்விரண்டின் நிழலில் ஓரளவு மறைந்து நிற்கின்றது. அக்காலச் சித்திரங்கள் நகைச்சுவையை உயிராகக் கொண்டவை. ஆதலின் அவற்றை எளியனவெனக் கருதிக் கடந்துவிடுதல் எளிது. ஆயின், அந்நகைப்பு எத்தகைய காலத்தின் பின் எழுந்தது என்பதை ஆராய்வார்க்கு அதன் ஆழம் புலனாகும்.

கல்லச்சும் தெருச்சுவரும்

18ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் மியூனிக் நகரில் அலோய்ஸ் செனபெல்டர் என்பார் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்னும் இயல்பே அம்முறைக்கு அடிப்படை. வழவழப்பான சுண்ணக்கல்லின்மீது பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்துப் பின் அச்சுமையை உருட்டினால், வரைந்த இடம் மையை ஏற்கும். நனைந்த இடம் அதனை மறுக்கும். செதுக்குவோன் கருவியின்றி ஓவியனின் கையே நேராகக் கல்லிற் பதிதற்கு இதனால் வழி பிறந்தது. நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களைக் கையாண்டபோது வண்ணச் சித்திரங்களையும் ஆயிரக்கணக்கில் அச்சிட முடிந்தது.

இம்முறையைத் தெருவுக்குக் கொணர்ந்த பெருமை ஜூல் ஷெரேக்கு உரியது. 1836இல் பிறந்த இவர் இலண்டனிலே தொழில் பயின்று, 1866இல் பாரிஸ் நகரில் தமக்கென ஓர் அச்சகத்தை நிறுவினார். நாடக அரங்கு, நடனசாலை, விளக்கெண்ணெய் முதலியவற்றுக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவரொட்டிகளை அவர் வரைந்தார். 1890இல் பிரெஞ்சு அரசு அவருக்கு மரியாதைப் படையணி விருதை அளித்துக் கௌரவித்தது. தெருத்தாளை வரைந்தவரை ஓர் அரசு கலைஞரென ஏற்றுக்கொண்டமை அக்காலத்திற் புதுமையேயாகும்.

இக்கலையின் வளர்ச்சிக்குச் சட்டமும் துணை நின்றது. 1881 யூலை 29ஆந் திகதிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், சுவரொட்டி ஒட்டும் உரிமையையும் விரிவாக்கியது. பிரெஞ்சு நகரங்களின் பழஞ்சுவர்களில் 'ஒட்டுதல் ஆகாது' என்னும் அறிவித்தலோடு அச்சட்டத்தின் திகதி வரையப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். அச்சட்டத்தின்படி வெள்ளைத் தாள் அரசின் அறிவித்தல்களுக்கே உரியது. ஆகவே தெருவிற் செல்வோனுக்கு வெள்ளைத் தாள் அரசின் குரலாகவும், வண்ணத் தாள் வணிகத்தின் குரலாகவும், கலையின் குரலாகவும் தோன்றிற்று. இவ்வேறுபாடு பின்னர் நேர்ந்தவற்றை விளங்கிக்கொள்ளுதற்கு இன்றியமையாதது.

1891இல் துலூஸ் லோத்ரெக் 'மூலாங் றூஜ்' நடன மண்டபத்துக்காக வரைந்த சித்திரத்தோடு இக்கலை முதிர்ச்சி எய்தியது. யப்பானிய மரச்செதுக்கு அச்சுகளிலிருந்து அவர் கற்றுக்கொண்ட தட்டையான நிறப்பரப்பும் துணிவான கோடும் சுவரொட்டியின் இலக்கணமாயின. அக்காலத்திற் பாரிஸ் மக்கள் சிலரிடையே சுவரொட்டி மீது பெரும் பற்றொன்று பரவிற்று. அதனைச் 'சுவரொட்டிப் பித்து' என அக்கால எழுத்தாளர் குறித்தனர். ஒட்டும் தொழிலாளரிடம் காசு கொடுத்து வாங்கியவரும், இரவில் ஈரம் உலருமுன் சுவரிலிருந்து உரித்தெடுத்தவரும் இருந்தனர். 1895 முதல் 1900 வரை சிறந்த சுவரொட்டிகள் சிறிய அளவில் மீண்டும் அச்சிடப்பட்டு, 'சுவரொட்டிக் கலையின் ஆசான்கள்' என்னும் பெயரில், 256 தகடுகளாகத் தவணை முறையில் வெளியாயின. ஆகவே, இக்கலையின் மீதான ஈடுபாடு கலையோடு உடன்பிறந்ததென்றே கூறல் வேண்டும்.

கசாந்தரும் அவர் காலமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிற் பிறந்து பாரிஸிற் குடியேறிய லெயொனெற்றோ கப்பியெல்லோ ஒரு புதிய நெறியை வகுத்தார். விற்கும் பொருளை உள்ளவாறே காட்டாது, அதனோடு எவ்விதத் தொடர்புமில்லாத வியத்தகு உருவமொன்றைக் காட்டுதலே அந்நெறி. 1903இல் ஒரு சொக்கலேற் நிறுவனத்துக்காகச் செந்நிறக் குதிரைமீது பச்சை உடையணிந்த பெண்ணை வரைந்தார். உருவம் மனத்திற் பதியும். உருவத்தோடு பொருளின் பெயரும் பதியும். இன்று வணிகத்தார் கையாளும் இலச்சினை முறைக்கு இதுவே முன்னோடி.

முதலாம் உலகப் போருக்குப் பின் நால்வர் இக்கலையில் தலைசிறந்து விளங்கினர். கசாந்தர், போல் கொலின், சார்ள் லூப்போ, ஜான் கார்லு என்போரே அந்நால்வர். கார்லு இளமையில் ஒரு விபத்திலே வலக்கையை இழந்து, இடக்கையாற் பயின்று ஓவியரானவர். போல் கொலின் 1925இல் ஒரு நடனக் குழுவுக்காக வரைந்த சித்திரத்தால் ஒரே நாளிற் புகழ்பெற்றவர்.

இவர்களுட் கசாந்தரின் இடம் தனிச் சிறப்புடையது. 1901இல் உக்ரேனிலுள்ள கார்க்கிவ் நகரிற் பிறந்த இவரின் இயற்பெயர் அடோல்ப் மூறோன். இவர் சுவரொட்டியைக் கட்டடக் கலையோடு ஒப்ப அமைத்தார். 1927இல் வரைந்த 'நோர்த் எக்ஸ்பிறெஸ்' என்னும் புகையிரதச் சித்திரத்திற் கோடுகள் யாவும் ஒரு மூலையை நோக்கி விரைகின்றன; புகையிரதத்தைக் காட்டிலும் விரைவே அங்கு வரையப்பட்டுள்ளது. 1935இல் வரைந்த 'நோர்மண்டி' கப்பலின் முகப்பு கோபுரமென நிமிர்ந்து நிற்கின்றது. அதன் அடியிற் பறக்கும் சிறு கடற்பறவைகள் கப்பலின் பேரளவைச் சொல்லாமற் சொல்கின்றன. 1932இல் 'டுபொன்னே' என்னும் மதுவகைக்கு வரைந்த மூன்று சித்திரங்களில் ஒரு மனிதன் குவளையைப் பார்க்கிறான், குடிக்கிறான், மீண்டும் நிரப்புகிறான். படிப்படியாக அவன் உடல் முழுவதும் வண்ணம் ஏறுகின்றது. பெயரின் எழுத்துகளும் அவ்வாறே நிரம்புகின்றன. நிலக்கீழ்ப் புகையிரதத்தில் விரைந்து செல்வோன் சாளரத்தின் வழியே கண்டுகொள்ளத்தக்க சித்திரம் இது.

சுவரொட்டிக் கலைஞனைத் தந்தி அனுப்புவோனுக்குக் கசாந்தர் ஒப்பிட்டார். செய்தி அவனுடையதன்று, அதனைப் பிழையின்றியும் தெளிவாகவும் அனுப்புதலே அவன் கடமை என்பது அவர் கருத்து. நன்னூலார் நூலுக்குரிய அழகுகளை வகுத்தபோது சுருக்கத்தையும் விளக்கத்தையும் முதற்கண் வைத்தமை தமிழ் பயின்றோர் அறிந்ததே. சுருக்கமும் விளக்கமும் ஒன்றையொன்று கெடுக்காது நிற்றல் அரிது. கசாந்தரின் சித்திரங்கள் அவ்வருமையை வென்றவை.

அச்சுறுத்திய சுவர்

1940 யூன் மாதத்தில் யேர்மனியப் படை பாரிஸினுள் நுழைந்தது. அதன் பின் நான்கு ஆண்டுகளாக அந்நகரின் சுவர்கள் வேறு வகையான தாள்களைத் தாங்கின. 1940 டிசெம்பர் 23ஆந் திகதி ஜாக் பொன்சேர்ஜான் என்னும் இளம் பொறியியலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தியை யேர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் அச்சிட்டுச் சுவர்களில் ஒட்டினர். அத்தகைய அறிவித்தல்கள் பின்னர்ப் பல வெளிவந்தன. காலையில் வீட்டை விட்டுப் புறப்படுவோன் தெருமுனையில் இறந்தோர் பெயரைப் படிக்கும் நிலை ஏற்பட்டது.

இவற்றுள் மிகக் கொடியது 'சிவப்புச் சுவரொட்டி' என வழங்குவது. 1944 பெப்ருவரியில் மிசாக் மனூசியான் தலைமையிலான எதிர்ப்பியக்கக் குழுவினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியோர். அவர்களுள் ஆடவர் 22 பேர் அம்மாதம் 21ஆந் திகதி சுடப்பட்டனர். பத்துப் பேரின் நிழற்படங்களைச் செந்நிறப் பின்னணியிற் பதித்து, அவர்களைக் கொலைகாரக் கூட்டமெனத் தூற்றும் சுவரொட்டியொன்று நாடெங்கும் ஒட்டப்பட்டது. கூரிய வடிவம், சில சொற்கள், ஒரே நிறம் என அமைந்த அது, முற்பட்ட இருபது ஆண்டுகளிற் கலைஞர் கண்டறிந்த உத்திகள் கொடுமைக்கும் பயன்படக்கூடும் என்பதைக் காட்டிற்று. எனினும் ஒட்டியோர் எண்ணியது நிறைவேறவில்லை. இழிவுபடுத்துதற்கு அச்சிட்ட தாள் பின்னர்த் தியாகிகளின் நினைவுச் சின்னமாயிற்று. 2024 பெப்ருவரி 21ஆந் திகதி மனூசியான் பாரிஸிலுள்ள பந்தெயோன் மண்டபத்தில் நாட்டின் பெருமக்களோடு ஒருவராக வைக்கப்பட்டார்.

1944 ஓகஸ்ற் மாதத்திற் பாரிஸ் விடுதலை பெற்றபொழுது போல் கொலின் ஒரு சுவரொட்டி வரைந்தார். பிரெஞ்சுக் குடியரசின் உருவமாகிய மரியான், கைகளில் ஆணி அறைந்த வடுவோடு, ஒளியைக் காணமாட்டாது கண்களைக் கையால் மறைத்து நிற்பதாக அதனை அமைத்தார். போர்க்காலச் சுவரொட்டி வரலாறு இப்பெண்ணுருவோடு முடிகின்றது எனலாம்.

சவிஞாக்கின் பசு

றேமண் சவிஞாக் 1907இற் பாரிஸிற் பிறந்தவர். 1930களிற் கசாந்தரின் பணிக்கூடத்தில் உதவியாளராகத் தொழில் பயின்றார். நாற்பது வயதுவரை பெரும் பெயர் எதையும் அவர் பெற்றிலர். 1949இல் அவரும் பேர்ணார் வில்மோ என்னும் மற்றோர் ஓவியரும் இணைந்து பாரிஸில் ஒரு கண்காட்சி நடத்தினர். அங்கு வைக்கப்பட்ட சித்திரங்களுள் ஒன்று 'மொன்சவோன்' என்னும் பாற்சவர்க்காரத்துக்காக வரையப்பட்டது. அந்நிறுவனத்தின் தலைவரான இயூஜீன் ஷூலேர் அதனைக் கண்டு விரும்பி, அச்சிட்டு ஒட்டுவித்தார்.

சித்திரத்தின் பொருள் மிக எளியது. ஒரு பசு நிற்கின்றது. அதன் மடியிலிருந்து வழியும் பால் நேரே சவர்க்காரக் கட்டியாக உருக்கொள்கின்றது. அவ்வளவே. கன்றில்லை, கறவையாளன் இல்லை, ஆலை இல்லை, பாலைப் புகழும் வசனமும் இல்லை. பாலும் சவர்க்காரமும் ஒன்றென்பதைச் சொல்லின் உதவியின்றி ஒரு நொடியிற் கண் உணர்ந்துவிடுகின்றது. தாம் பிறந்தது 41ஆவது வயதில், அப்பசுவின் மடியிலிருந்தே எனச் சவிஞாக் பின்னாளில் நகையாடுவதுண்டு.

இச்சித்திரம் வெளிவந்த காலத்தைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். போர்க்காலத்திற் பாலும் சவர்க்காரமும் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்த பண்டங்கள். பிரான்சிற் பங்கீட்டு முறை 1949ஆம் ஆண்டின் இறுதியிலேயே முற்றாக நீங்கிற்று. இன்று அற்பமாகத் தோன்றும் ஒரு கட்டிச் சவர்க்காரம் அன்று விடுதலையின் அடையாளமாகும். மேலும், ஐந்தாண்டுகளுக்கு முன் தூக்கத்தைக் கெடுத்த அதே தெருச்சுவரில் இப்போது ஒரு பசு நிற்கின்றது. சுவரைப் பார்க்க அஞ்சியிருந்த மக்கள் சுவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினர். சவிஞாக்கின் நகைச்சுவை ஏன் அத்துணை விரைவாக மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது என்பதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளல் பொருந்தும்.

சவிஞாக் தம் முறையைக் கண்ணுக்கு அதிர்ச்சி தருதல் என விளக்கினார். தெருவிற் செல்வோன் சித்திரத்தைப் பார்க்கும் நோக்கத்தோடு வருபவனல்லன்; வேறு வேலையாகச் செல்பவன். அவனை ஒரு கணம் நிறுத்துதற்கு இயற்கைக்கு மாறான ஒன்றைக் காட்டல் வேண்டும். அம்மாறுபாடே பொருளின் பயனையும் உணர்த்தல் வேண்டும். 'மக்கி' சாற்றுக்கட்டிக்காக வரைந்த சித்திரத்தில், ஒரு மாட்டின் முற்பாதி, தன் பிற்பாதி வெந்துகொண்டிருக்கும் பாத்திரத்தின் நறுமணத்தை முகர்ந்து மகிழ்கின்றது. 'அஸ்ப்றோ' மாத்திரைக்கு வரைந்ததில், துன்புறும் மனிதன் ஒருவனின் தலையினூடே மோட்டார் வண்டிகள் நிரையாகச் செல்கின்றன. தலைவலி என்னும் சொல்லை எழுதவேண்டிய தேவை அங்கில்லை. 1960களின் தொடக்கத்தில் 'பிக்' குமிழ்முனைப் பேனாவுக்காக, தலைக்குப் பதிலாகக் குமிழ் பொருந்திய பள்ளிச் சிறுவனை வரைந்தார். அச்சிறுவன் அந்நிறுவனத்தின் இலச்சினையாகி உலகெங்கும் மாணவர் கைகளை அடைந்தான். பேனாவை அறிந்த பலர் அதனை வரைந்தவரை அறியார்.

அணியிலக்கணம் கற்றோர்க்கு இம்முறை புதிதன்று. இரு பொருள்களுக்கிடையே உள்ள ஒப்புமையை 'போல' என்னும் உருபால் விரித்துரைப்பது உவமை. உருபை நீக்கி இரண்டையும் ஒன்றேயாக்குவது உருவகம். பழைய விளம்பரங்கள் பாலைப் போன்ற மென்மையுடைய சவர்க்காரம் என உவமையாற் பேசின. சவிஞாக் உவம உருபை நீக்கினார், பாலே சவர்க்காரமாயிற்று. கசாந்தரிடம் அவர் கற்றது சுருக்கம். கசாந்தரின் அளவையும் கோணத்தையும் கைவிட்டு, சிறுபிள்ளை வரைந்தது போன்ற தடித்த கோட்டையும் வெளிறிய பின்னணியையும் அவர் ஏற்றார். ஆசானின் சித்திரம் இயந்திரத்தை வியந்தது. மாணாக்கரின் சித்திரம் மனிதனைப் பார்த்து நகைத்தது. போரிலே இயந்திரத்தின் கொடுமையைக் கண்ட தலைமுறைக்கு முந்திய வியப்பு இயல்பாக அமைந்திராது.

வில்மோவும் பிறரும்

வில்மோ 1911இல் நோர்மண்டிக் கடற்கரையிலுள்ள துறூவில் என்னும் ஊரிற் பிறந்தவர். போல் கொலினிடம் பயின்றவர். சவிஞாக் கருத்தால் வென்றவரெனின், வில்மோ நிறத்தால் வென்றவர். அல்ஜீரியாவில் தோற்றம் பெற்ற 'ஒறாஞ்சினா' என்னும் தோடம்பழப் பானத்துக்காக 1953இல் அவர் வரையத் தொடங்கினார். சுருளாக உரித்த தோடம்பழத் தோலைக் கடற்கரை உணவகத்தின் நிழற்குடையாக அமைத்தமை அவர்தம் புகழ்பெற்ற கற்பனை. நீலமும் செம்மஞ்சளும் ஒன்றையொன்று மிகுவிக்கும் நிறங்கள் என்பதை அறிந்து அவற்றை அருகருகே வைத்தார். விமான சேவைக்கும் புகையிரத சேவைக்கும் 'பாலி' காலணி நிறுவனத்துக்கும் அவர் வரைந்த சித்திரங்களில், ஒற்றைக் கோடும் இரண்டு மூன்று நிறத் துண்டங்களும் கூடி மனித உருவாகின்றன.

பிறீத்தனிப் பகுதியைச் சேர்ந்த ஏர்வே மோர்வான் விளையாட்டுத்தனமான உருவங்களாற் பெயர் பெற்றார். முந்திய தலைமுறையினரான லூப்போ, 'சென் றபாயெல்' என்னும் மதுவகையின் பழைய இலச்சினையாகிய இரு பணியாட்களை 1930களின் இறுதி முதல் ஆண்டுதோறும் சுருக்கிச் சுருக்கி, 1950களில் வெறும் வடிவங்களாகவும் எழுத்துத் துண்டங்களாகவும் ஆக்கினார். உருவம் முற்றாக மறைந்த பின்னும் மக்கள் பெயரை அறிந்துகொண்டனர். பல ஆண்டுப் பழக்கம் சுவரைப் படிக்கும் ஆற்றலை மக்களுக்கு ஊட்டியிருந்தது என்பதற்கு இது சான்று.

இக்கலைஞர்கள் தனித்தனியே இயங்கினாரெனினும், நாடுகளைக் கடந்த கூட்டுறவும் அக்காலத்தில் உருவாயிற்று. ஜான் கொலின், ஜாக் நாத்தான் கரமொன் முதலிய பிரெஞ்சு ஓவியர்களும் சுவிஸ் நாட்டவர் சிலரும் 1950களின் தொடக்கத்தில் அனைத்துலக வரைகலைக் கழகத்தை நிறுவினர். அதன் முதற் கண்காட்சி 1955இற் பாரிஸிலுள்ள லூவர் மாளிகையின் ஒரு பகுதியாகிய அலங்காரக் கலைக்கூடத்தில் நடைபெற்றது. தெருத்தாள் அரண்மனையினுள் நுழைந்த நிகழ்ச்சி இது.

நூலிலும் இதழிலும்

சுவரொட்டியில் வளர்ந்த சுருக்கக் கலை நூற்சித்திரத்திலும் இதழ்ச்சித்திரத்திலும் ஒருங்கே விளங்கிற்று. 1931இற் போல் போஷே தொடங்கிய 'பேர் கஸ்தோர்' வரிசைச் சிறுவர் நூல்கள் கல்லச்சில் அச்சிடப்பட்டு மலிவான விலைக்கு விற்கப்பட்டன. சுவரொட்டிக்கு உதவிய அச்சுமுறை குழந்தையின் கைக்கும் சென்றமை இதனாற் புலனாகும். 1942இல் வலன்ஸ் நகரப் பூங்காவின் இசைமேடையைக் கண்டு றேமண் பெய்னே வரைந்த காதலர் இருவர், போருக்குப் பின் நாடெங்கும் அறியப்பட்ட உருவங்களாயினர். இத்தாலியிற் பிறந்த ரெனே குறுவோ ஆடை அலங்காரச் சித்திரத்திலே தலைவரானார். வாசனைப் பொருளொன்றுக்காக 1949இல் அவர் வரைந்த சித்திரத்தில், சிறுத்தையின் பாதத்தின்மேல் ஒரு பெண்ணின் கை அமைதியாகக் கிடக்கின்றது. புட்டியை எங்கும் காணவியலாது. 1960இல் கொசினி எழுதிச் சம்பே சித்திரம் வரைந்த 'சின்ன நிக்கோலா' நூல் வடிவில் வெளிவந்தது. சம்பே அகன்ற வெற்றிடத்தின் நடுவே மிகச் சிறிய மனிதனை வைப்பவர். சவிஞாக்கின் பெரிய உருவமும் சம்பேயின் சிறிய உருவமும் தோற்றத்தில் மாறுபட்டவை. வேண்டாதன யாவற்றையும் நீக்குதல் என்னும் நெறியில் ஒன்றுபட்டவை.

கலையோ, வணிகமோ?

இக்கலையின்மீது எழுப்பப்படும் தடைகள் இரண்டு. ஒன்று, கூலிக்கு வரைவது கலையாகாது என்பது. இத்தடை வலிமையற்றது. உலகின் பெருங்கோயில்களிலும் அரண்மனைகளிலும் உள்ள ஓவியங்களும் சிற்பங்களும் பெரும்பாலும் பிறர் ஏவப் பிறந்தவையே. ஏவியோர் யார் என்பது கலையின் தரத்தை நிறுவுவதில்லை.

மற்றைய தடை வலியது. இக்கலைஞர்கள் எதனை விற்க உதவினர்? டுபொன்னே, சென் றபாயெல் ஆகியன மதுவகைகள். மோர்வான் முதலியோர் சிகரெட்டுக்கும் வரைந்தனர். தீங்கு விளைப்பதை அழகால் மறைத்தற்குத் திறமை துணைபோயிற்று என்பதை மறுத்தல் இயலாது. 1991 சனவரி 10ஆந் திகதிய சட்டத்தாற் பிரெஞ்சு அரசு மது, புகையிலை விளம்பரங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அச்சட்டம் முன்னரே இருந்திருப்பின் இக்கலையின் புகழ்பெற்ற சித்திரங்கள் பல தோன்றியிரா. கசாந்தரின் தந்தி உவமை இவ்விடத்திற் குறைபடுகின்றது. செய்தி தன்னுடையதன்று என்பதால் அனுப்புவோன் பொறுப்பினின்று முற்றாக நீங்கிவிடுவானோ? சிவப்புச் சுவரொட்டியை ஆக்கியோனும் அதே விடையைக் கூறக்கூடும். ஆதலால், சித்திரத்தின் திறத்தை வியத்தலும் அது புரிந்த தொண்டை ஆராய்தலும் வெவ்வேறு செயல்கள் எனக் கொண்டு, இரண்டையும் ஒருங்கே செய்தல் வரலாற்று மாணவனின் கடன்.

மறைவும் மீட்சியும்

1960களில் இக்கலை தளரத் தொடங்கியது. அதற்குக் காரணங்கள் பல. ஓவியன் தீட்டிய மூலத்தைக் கைவினைஞர் நிறம் நிறமாகப் பிரித்துக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ வரைந்த முறை அருகிற்று. இடைமாற்று அச்சுமுறையும் நிழற்படமும் அதன் இடத்தைப் பிடித்தன. நிறுவனத் தலைவன் ஓவியனோடு நேரிற் பேசி முடிவெடுத்த வழக்கம் மாறி, சந்தை ஆய்வாளரும் விளம்பர முகவரும் இடையே புகுந்தனர். ஷூலேர் ஒருவர் கண்டு விரும்பியமையால் வெளிவந்த பசு, பலர் கூடி ஆராயும் அவையிலே தேறியிருக்குமோ என்பது ஐயம். 1968 ஒக்ரோபர் முதலாந் திகதி பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வணிகப் பெயர்களைக் கூறும் விளம்பரங்கள் ஒளிபரப்பாகத் தொடங்கின.

அவ்வாண்டு வேறு இரு நிகழ்ச்சிகளாலும் நினைவுகூரத்தக்கது. மே மாதக் கிளர்ச்சியின்போது பாரிஸ் நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் பட்டுத்திரை அச்சிற் பெயர் குறியாத சுவரொட்டிகளை ஆக்கி நகரெங்கும் ஒட்டினர். ஒரு நிறம், ஒரு வடிவம், ஒரு வசனம் என்பன அவற்றின் இலக்கணம். வணிகத்தை வெறுத்த அவ்விளைஞர் கையாண்ட சுருக்கநெறி, வணிகச் சுவரொட்டிகள் நெடுநாட் பயிற்றுவித்ததே என்பதை மறத்தலாகாது. அடுத்த மாதத்திற் கசாந்தர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சுவரொட்டியைக் கைவிட்டு நாடக அரங்க அமைப்பிலும் ஓவியத்திலும் ஈடுபட்ட அவருக்குப் பிற்காலம் மனநிறைவு தரவில்லை.

சவிஞாக்கிடம் வணிகர் வருகை குறைந்தது. எனினும் அவர் ஓய்ந்திலர். றொபேர் பிறெசோனின் திரைப்படங்களுக்குச் சுவரொட்டி வரைந்தார். 1981இற் 'சித்றோயன்' மோட்டார் நிறுவனத்துக்காக மீண்டும் தெருச்சுவருக்கு வந்தார். வில்மோவின் பிறப்பிடமாகிய துறூவிலிலே குடியேறி, 2002இல் 94ஆவது வயதில் அங்கேயே இறந்தார். அவ்வூரின் கடற்கரை நடைபாதை அவர் பெயரைத் தாங்குகின்றது. வில்மோ 1989இலேயே மறைந்தார்.

சுவரொட்டி தெருவை விட்டு நீங்க நீங்க, அதன்மீது மக்களின் பற்று வளர்ந்தது. 1978இற் பாரிஸிற் சுவரொட்டிக்கெனவே ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. அதன் சேகரிப்பு இன்று அலங்காரக் கலைக்கூடத்திற் பேணப்படுகின்றது. 1886இல் தொழிலாளர், கைவினைஞர் பயன்பாட்டுக்கெனத் தொடங்கிய போர்ணே நூலகமும் பெருந்தொகையான சுவரொட்டிகளைக் காத்து வருகின்றது. சேகரிப்போர், ஒட்டப்படாது எஞ்சிய தாள்களைத் தேடி வாங்கித் துணியின்மேல் ஒட்டிக் காக்கின்றனர். ஏறக்குறைய 160 சதமமீற்றர் உயரமும் 120 சதமமீற்றர் அகலமும் கொண்ட மெல்லிய தாள், மடிப்பு விழுந்த இடத்திற் கிழியும் இயல்பினது. துணியின்றேல் அது நெடுநாள் நில்லாது.

இப்பற்றிலே ஒரு முரண்பாடு உண்டு. சில கிழமை வாழ்தற்குப் படைக்கப்பட்டது நூற்றாண்டு வாழ வைக்கப்படுகின்றது. எவரையும் நிறுத்துதற்கு எழுந்த சித்திரம், நுழைவுச்சீட்டு வாங்கி வருவோர் முன் அமைதியாகத் தொங்குகின்றது. ஆயினும் இதனைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. அரசர்களின் உருவங்களை அரண்மனை ஓவியங்கள் காத்துத் தருகின்றன. 1950களிற் சாதாரணப் பிரெஞ்சுக் குடிமகன் எதனை விரும்பினான், எதற்கு ஏங்கினான், எதனைக் கண்டு சிரித்தான் என்பதை இத்தாள்களே காத்துத் தருகின்றன. கொலைச் செய்தியைத் தாங்கிய சுவர், ஐந்தாண்டு கழியப் பால் சுரக்கும் பசுவைத் தாங்கிற்று. ஒரு சமூகம் அச்சத்தினின்று மீண்ட வகையை அறிய விழைவோர் அரச ஆவணங்களோடு இச்சித்திரங்களையும் சான்றாகக் கொள்வாராக.